பழைய பிசினஸ் சிஸ்டத்துக்கு எந்த கன்சோல்: ட்வினாக்ஸா, சீரியலா, லேன் பிசியா?

கன்சோல்னா மெஷினை நேரா கவனிச்சுக்கிற ஸ்க்ரீனும் கீபோர்டும். அந்த விஷயத்துல நான் பாக்கிறது ஒண்ணுதான், மெஷின் மேல வராம படுத்துக்கிட்டப்போ அந்த ஸ்க்ரீன் வருமா வராதா. மத்த நாள்ல எதை வச்சிருந்தாலும் வேலை ஓடிடும்.

அந்த கணக்குல ஐபிஎம்மோட பிசினஸ் கம்ப்யூட்டர் ஏஎஸ்/400ல, ட்வினாக்ஸ்ங்கிற ரெட்டைக் கம்பி கேபிள்ல மாட்டுற டெர்மினலை அடிச்சுக்க ஆளில்ல. ஏஎஸ்/400 வந்தது 1988ல, ஆனா அதுல மாட்டுற 5250 வகை டெர்மினல் 1977லயே சிஸ்டம்/34ங்கிற பழைய ஐபிஎம் மெஷின் கூட வந்தாச்சு. ஒரு போர்ட்ல 7 டெர்மினல் வரைக்கும் வரிசையா கோக்கலாம், கேபிள் 5000 அடி போகும், ஸ்பீடு 1 மெகாபிட்தான். டெர்மினலுக்குள்ள விண்டோஸ் இல்ல, ஐபி அட்ரஸ் இல்ல, அப்டேட்டும் இல்ல, மேனுவல் மோட்ல ஐபிஎல் போட்டா, அதாவது மெஷினை பூட் பண்ணா, டிஎஸ்டிங்கிற ரிப்பேர் டூல்ஸோட சைன்-ஆன் நேரா வந்து நிக்கும்.

மக்கர் பண்ணாலும் முக்கால்வாசி கேபிள்லதான். யாராவது டேபிளை இழுத்திருப்பாங்க, கனெக்டருக்குள்ள இருக்கிற ரெண்டு கம்பில ஒண்ணு விட்டுப்போயிருக்கும், அதுக்கு அந்தப்பக்கம் இருக்கிற டெர்மினல் எல்லாம் போயிடும், எதுலேருந்து போயிருக்குன்னு பாத்தாலே எந்த கேபிள்னு புரிஞ்சிடும். இல்லன்னா ரெண்டு டெர்மினலுக்கு ஒரே அட்ரஸ், அதாவது அந்த போர்ட்ல அதோட நம்பர், குடுத்திருப்பாங்க, இல்ல கடைசி டெர்மினல்ல, கேபிள் இதோட முடியுதுன்னு வைக்கிற டெர்மினேஷன் போட்டிருக்க மாட்டாங்க. அதனால கன்சோல் இருக்கிற போர்ட்ல தயவுசெஞ்சு வேற யாரையும் கோக்காதீங்க.

யூனிக்ஸ் பக்கம்னா விடி220 மாதிரி சீரியல் டெர்மினல், 1983ல டெக் கம்பெனி விட்டது. மூணு கம்பி இருந்தா போதும், ஸ்பீடும் பாரிட்டியும் (தப்பு கண்டுபிடிக்கிற பிட்) ரெண்டு பக்கமும் ஒத்துப்போகணும், அவ்ளோதான். ஆனா பழைய சன் ஸ்பார்க் சர்வர்ல ஒரு கண்டம் இருக்கு: டெர்மினலை ஆஃப் பண்ணாலோ கேபிளை உருவினாலோ அது பிரேக் சிக்னலா போய், ஓடிட்டிருந்த சர்வர் அப்படியே நின்னு, பூட் பண்றதுக்கு முன்னாடி வர்ற ஓகே ப்ராம்ப்ட்டுக்கு வந்துடும். "கோ"ன்னு அடிச்சா திரும்ப ஓடும்தான், அதுக்குள்ள பில்லிங் மொத்தமும் நிக்குமே! பிரேக்கை மறிக்கிற செட்டிங்கை முதல் நாளே போட்டுடணும்.

லேன் கன்சோல்ல, அதாவது நெட்வொர்க் வழியா ஒரு பிசியையே கன்சோலா வைக்கிறதுல, வசதி நிறைய, தனி கேபிள் இழுக்க வேண்டாம், ஒரே பிசில நாலு சிஸ்டத்தைப் பாக்கலாம். ஆனா ஸ்விட்ச், பிசி, டிவைஸ் பாஸ்வேர்டு எல்லாமே சரியா இருக்கணும், ஒண்ணு சொதப்பினாலும் மெஷின் பேனல்ல, கன்சோல் கிடைக்கலங்கிற ஏ6005008னு கோட் வந்து நிக்கும், கரண்ட் போய் வந்த ராத்திரில அதைப் பாத்தா வயித்தைக் கலக்கும்.

என் ஓட்டு ட்வினாக்ஸுக்குத்தான், கார்டு சப்போர்ட் இருக்கிறவரைக்கும். வயசான பிக்சர் ட்யூப் எப்ப வேணா போகும், அதனால கன்சோலுக்கான அட்ரஸ் 0 செட் பண்ணின ஸ்பேர் டெர்மினல் ஒண்ணை வச்சுக்கிட்டு அப்பப்ப மாட்டி எரியவிட்டுப் பாருங்க.