இரண்டாவது குடிபோதை வழக்கு: தீர்ப்பையே எதிர்ப்பதா, தண்டனையை மட்டுமா?

என் மச்சான் கிருஷ்ணகிரி - பெங்களூரு ரூட்டில் லாரி ஓட்டுகிறவர். குடித்துவிட்டு ஓட்டியதாக இரண்டாவது முறை தண்டனை ஆனபோது, தீர்ப்பு முழுவதையும் எதிர்த்து அப்பீல் போவதா, தண்டனையை மட்டும் எதிர்ப்பதா என்று வீட்டில் பெரிய பேச்சு. தண்டனையை மட்டும் எதிர்த்தோம். அதே நிலையில் இருக்கிற பெரும்பாலானவர்களுக்கும் அதையே சொல்வேன்.

இரண்டுக்குமே அமர்வு நீதிமன்றம்தான், 30 நாள் கெடுதான், தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாட்கள் அதில் சேராது. அப்பீல் போட்டதாலேயே தண்டனை நின்றுவிடாது, நிறுத்தி வைக்கத் தனி மனு வேண்டும். நாம் போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்ட முடியாது என்பது ஒரு தைரியம்.

முழு அப்பீல் எல்லோருக்கும் கிடையாது. நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டவர், தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் மட்டுமே கேட்க முடியும். விசாரணை நடத்தித் தோற்றவர் எல்லாவற்றையும் கேட்கலாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற எல்லையை ஒட்டி அளவு வந்திருந்தாலோ, ஊதும் கருவியின் சீட்டில் குளறுபடி இருந்தாலோ தாராளமாகப் போராடுங்கள். மச்சான் விசாரணை நடத்தித் தோற்றவர்தான், ஆனால் ரத்தப் பரிசோதனை அறிக்கையே எல்லையைத் தெளிவாகத் தாண்டியிருந்தது, அதோடு மோதுவதில் பயனில்லை என்று விட்டோம். அதனால் முழு அப்பீல் எவ்வளவு நாள் இழுக்கும் என்று அனுபவத்தில் என்னால் சொல்ல முடியாது.

முடிவைத் தீர்மானித்தது லைசென்ஸ். முதல் முறை என்றால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும், மறுமுறை என்றால் 2 வருடம் வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும். எல்லோரும் இதைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் முதல் முறைக்குக் குறைந்தது 6 மாதம் ஓட்டத் தடை, மறுமுறைக்கோ மோட்டார் வாகனச் சட்டம் 22வது பிரிவின்படி லைசென்ஸே ரத்து. டிரைவர் குடும்பத்துக்கு அபராதத்தை விட இதுதான் அடி. அப்படியென்றால் அது 'இரண்டாவது' குற்றம் என்று அரசுத் தரப்பு முறையாக நிரூபித்ததா என்பதுதானே முதல் கேள்வி? பழைய தண்டனைக்கு நீதிமன்றத்தின் சான்றிட்ட நகல் போன்ற முறையான ஆதாரம் வேண்டும், அதில் இருப்பவர் இவர்தான் என்றும் காட்ட வேண்டும். மச்சானின் பழைய வழக்கு தருமபுரியில் நடந்தது. இங்கே கேஸ் கட்டில் இருந்தது ஓர் அபராத ரசீதின் ஜெராக்ஸ், அதில் அப்பா பெயர்கூட இல்லை. வக்கீல் இந்த ஒன்றை மட்டும் பிடித்து வாதாடினார். முதல் குற்றமாகவே எடுத்துக்கொண்டு சிறையை நீக்கி, 10,000 ரூபாயும் 6 மாதத் தடையும் என்று அமர்வு நீதிமன்றம் மாற்றியது.

அந்த ஆறு மாதம் நியாயமானதுதான். தொப்பூர் இறக்கத்தில் லாரிகள் என்ன ஆகின்றன என்று நம்ம ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மச்சானும் அந்த நாட்களில்தான் குடிக்குச் சிகிச்சை எடுத்தார்.

பழைய தண்டனையின் சான்றிட்ட நகல் முறையாகத் தாக்கலாகியிருந்தால் எங்கள் வழி உங்களுக்கு உதவாது. சிறை நாட்களைக் குறைக்கக் கேட்கலாம், லைசென்ஸ் ரத்து அப்படியே இருக்கும். அதனால் வக்கீல் பீஸ் பேசுவதற்கு முன்னால் கேஸ் கட்டில் என்ன இருக்கிறது என்று நகல் மனு போட்டுப் பாருங்கள். பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.