அம்பாசிடரின் இன்ஜின் மவுண்டிங்: நான்கு ஆண்டு அனுபவம்

என்னிடம் இருப்பது 1984-ஆம் ஆண்டு மார்க் 4 அம்பாசிடர். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், ஸ்டீயரிங் கம்பத்தில் கியர். சிக்னலில் நிற்கும்போது பானெட் நடுங்குவதையும், கிளட்ச்சை விட்டவுடன் அடியில் ‘தொம்’ என்று கேட்பதையும் வயதான வண்டிக்கு இயல்பு என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். மகனை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லி பானெட்டைத் திறந்து பார்த்தபோதுதான், இன்ஜினின் இடப்பக்கம் ஒரு விரற்கடை எழும்பி விழுவது தெரிந்தது.

இன்ஜினை இருபுறமும் தாங்கி நடுக்கத்தை உள்வாங்கும் ரப்பரும் தகடும் சேர்ந்த துண்டுகள்தான் மவுண்டிங். இடப்பக்கத்தைக் கழற்றியபோது ரப்பர் தகட்டை விட்டுத் தனியே வந்தது. அழுத்தினால் மழைக்கால வெல்லம் போலப் பிசுபிசுத்தது. இன்ஜினின் முன்பக்க மூடியான டைமிங் கவரில், ஆயிலைத் தடுக்கும் சீலில் கசிந்த ஆயில்தான் காரணம். அதை அடைக்காமலேயே ஒரு பட்டறையில் புதிய ஜோடியைப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு பக்கத்தை முழுவதும் முறுக்கிவிட்டு, துளை சேராத மறுபக்கத்தைக் கடப்பாரையால் நெம்பி போல்ட்டை ஏற்றியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எட்டே மாதத்தில் இடப்பக்க ரப்பர் மீண்டும் உரிந்தது.

அடுத்த ஜோடியைச் சென்னையின் வாகன உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் வாங்கி நானே பொருத்தினேன். முதலில் சீலை மாற்றினேன். இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டி (சம்ப்) நசுங்காதபடி ஜாக்கிக்கு மேல் பலகைத் துண்டை வைத்து, மவுண்டிங்கின் மேலுள்ள பாரம் நீங்கும் அளவுக்கு மட்டும் இன்ஜினைத் தூக்கினேன். எல்லா நட்டுகளையும் கையால் மட்டும் ஏற்றி, ஜாக்கியை இறக்கி, இன்ஜினை இருபுறமும் அசைத்து, அது தானாக உட்கார்ந்த பிறகே ஸ்பேனரால் முறுக்கினேன். ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்றால், எவ்வளவு நல்ல சரக்கானாலும் நடுக்கத்தை அப்படியே சேஸிக்குக் கடத்தும்.

ஒரு பிழையும் செய்தேன். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் இன்ஜினையும் பாடியையும் இணைக்க ஓர் எர்த் பட்டை உண்டு. அதை மாட்ட மறந்துவிட்டேன். ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்ற, பட்டைக்குப் பதிலாக மின்சாரம் பாய்ந்த சோக் வயர் (கார்புரேட்டருக்குப் போகும் உலோகக் கம்பி) கை வைக்க முடியாமல் கொதித்தது. நல்லவேளை, உடனே நிறுத்திவிட்டேன்.

அதன் பின் 22,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நடுக்கம் அடங்கியதைவிட, கியர் மாற்றுவது எளிதானதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது: கியர் லீவர் பாடியோடும், கியர்பாக்ஸ் ரப்பர் மவுண்டிங்கின் மேலும் இருப்பதால், இன்ஜின் தொங்கினால் இடையிலுள்ள கம்பிகள் இழுபடுகின்றன. கியர்பாக்ஸுக்கு அடியிலிருக்கும் மவுண்டிங்கை அன்றே மாற்றாமல் விட்டதால், சென்ற ஆண்டு மறுபடியும் வண்டிக்கடியில் படுக்க நேர்ந்தது.