டெல்லி வெயிலும் ஒரு டூரிஸ்ட் ஆபீஸும்

மே மாத லீவில் டெல்லி, ஆக்ரா என்று குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு டூரிஸ்ட் ஆபீஸை நம்பி எங்களுக்குப் போனது 19,100 ரூபாய். நான் வேலை பார்ப்பது பேங்கில். அதனால் பணம் போனதைவிட மானம் போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

2024 மே 29, புதன்கிழமை. நான், மனைவி, அம்மா, எட்டு வயது மகள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் தாமதம். புது டெல்லியில் இறங்கும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. அன்றைக்கு டெல்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி, 79 வருடத்தில் இல்லாத வெயில். (டெல்லியிலேயே முங்கேஷ்பூர் என்ற இடத்தில் 52.9 என்று டிவியில் அலறினார்களே, அதுவும் அன்றுதான். கருவி மூன்று டிகிரி கூட்டிக் காட்டிவிட்டது என்று வானிலைத் துறை அப்புறம் சொன்னது. நாங்கள் நின்ற இடத்தில் அந்த மூன்று டிகிரி ஒரு பொருட்டே இல்லை.) நம் ஊர் வெயிலில் சட்டை நனையும். அங்கே வேர்ப்பதே தெரியவில்லை, உதடுதான் வெடிக்கிறது. பத்தே நிமிடத்தில் அம்மா தலை சுற்றுகிறது என்று பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

கரோல் பாக்கில் மூன்று இரவுக்கு ஆன்லைனில் லாட்ஜ் போட்டிருந்தேன். ஸ்டேஷனின் பகார்கஞ்ச் பக்கம் வெளியே வந்ததும் ஒரு ஆட்டோக்காரர் "ஆயியே மாதாஜி" என்று அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றினார். லாட்ஜ் எது என்று கேட்டார், சொன்னேன். "அந்தத் தெருவில் நேற்றிலிருந்து கரன்ட் இல்லை, தண்ணி லாரியும் வரவில்லை. டூரிஸ்ட் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்." டெல்லியில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று ரயிலில் செல்போனில் படித்துக்கொண்டே வந்தவன் நான். நம்பாமல் என்ன செய்வேன்?

கன்னாட் பிளேஸ் பக்கம் ஒரு மாடி. "கவர்ன்மென்ட் அப்ரூவ்ட்" என்று போர்டு. உள்ளே ஏசி சில்லென்று இருந்தது. கேட்காமலேயே நாலு தண்ணீர் பாட்டில் வந்தது. அம்மாவை சோபாவில் படுக்கச் சொன்னார்கள். அதற்கு மேல் அந்த அறையை விட்டு எழுந்து வர எங்கள் யாருக்கும் மனசு இல்லை. பாதி வேலையை அங்கேயே ஏசி முடித்துவிட்டது.

மீதியை ஒரு போன் முடித்தது. "உங்கள் லாட்ஜுக்கு நானே பேசுகிறேன்" என்று அந்த ஆள் தன் மேஜை போனில் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எடுத்தவர் லாட்ஜ் பெயரைச் சரியாகச் சொன்னார். என் பெயரையும் சொன்னார். ஏசி ரிப்பேர், புக்கிங் கேன்சல், பணம் திரும்பி வந்துவிடும், மன்னிக்கவும் என்றார். பெயர், தேதி எல்லாம் ஐந்து நிமிடம் முன்பு நானே அந்த ஆபீஸில் ஒப்பித்தவை. போட்ட நம்பர் எது என்று நான் பார்க்கவில்லை. என் செல்லிலிருந்து ஒரு தடவை அடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வேறு லாட்ஜ் மூன்று இரவுக்கு 9,000, ஆக்ராவுக்கு ஏசி கார் 7,500. ஜிபேயில் அனுப்பும்போது யாரோ தனி ஆள் பெயர் வந்தது. கேட்டேன். "எங்கள் அக்கவுன்டன்ட்" என்றார். யார் பெயர் வருகிறது என்று பார்த்து அனுப்புங்கள் என்று கவுன்டரில் தினம் பத்துப் பேருக்குச் சொல்கிறவன், பேசாமல் பட்டனை அழுத்தினேன். பில் கேட்டதற்கு ஒரு விசிட்டிங் கார்டு கிடைத்தது.

அவர்கள் அனுப்பிய ஏசி ரூமில் இருந்தது ஏர் கூலர். கூலர் மோசமான பொருள் இல்லை. அந்த வறண்ட காற்றுக்கு நன்றாகவே வேலை செய்யும், ஆனால் தண்ணீர் ஊற்ற வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்குத் தண்ணீர் தீர்ந்தது. அப்புறம் அது வெறும் அனலை அள்ளி எங்கள் மேல் வீசியது. குழாயைத் திறந்தால் மொட்டை மாடி டேங்க்கிலிருந்து கொதிநீர். மகளுக்கு துண்டை நனைத்துப் போர்த்திவிட்டு நாங்கள் முழித்தே கிடந்தோம்.

கார் வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும் என்றிருந்தார்கள். யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் டோலுக்குத் தனிக் காசு தரும் வரை டிரைவர் ஏசி போடவில்லை. அதைக்கூட விடுங்கள். வெள்ளிக்கிழமை தாஜ் மகாலுக்கு வார விடுமுறை! ஆக்ராவில் இறங்கிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மெஹ்தாப் பாக் தோட்டத்திலிருந்து தூரத்தில் பார்த்தோம். அம்மா குடைக்குள்ளிருந்து, "இவ்வளவுதானாடா?" என்றார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு நான் முதலில் போட்டிருந்த லாட்ஜ், வராததற்காக ஒரு இரவுக் காசு 2,600 ரூபாயைப் பிடித்துக்கொண்டது. போன் செய்து கேட்டேன். "இங்கே கரன்ட் போகவே இல்லையே சார், உங்களுக்காகக் காத்திருந்தோம்" என்றார்கள். இந்தக் குரல் வேறு.

போகிறவர்கள் கவனிக்க: சாமான் குறைவாக இருந்தால் பகார்கஞ்ச் பக்கம் வராமல், 16ஆம் பிளாட்பாரம் இருக்கும் அஜ்மேரி கேட் பக்கம் இறங்கி மெட்ரோவுக்குப் போய்விடுங்கள். வயதானவர்கள் இருந்தால் டிராஃபிக் போலீஸின் பிரீபெய்டு ஆட்டோ பூத்தைத் தேடிச் சீட்டு வாங்குங்கள். மத்திய அரசின் சுற்றுலா அலுவலகம் ஜன்பத்தில் 88ஆம் எண்ணில் இருக்கிறது. வழியில் யார் எந்த மாடியைக் காட்டினாலும் ஏறாதீர்கள். சுற்றுலா உதவிக்கு 1363, ஆனால் இந்தியோ ஆங்கிலமோ பேச வேண்டும். செங்கோட்டைக்கும் அக்ஷர்தாமுக்கும் திங்கள் விடுமுறை. லாட்ஜ் நம்பரைச் செல்லில் சேமித்து வைத்து, நீங்களே உங்கள் செல்லிலிருந்து அடியுங்கள். பெரியவர்களை முதலில் ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில் உட்கார வையுங்கள், வண்டியை அப்புறம் பேசலாம்.

ஆன்லைனில் புகார் கொடுத்திருக்கிறேன். விசிட்டிங் கார்டில் இருந்த நம்பர் இன்னமும் வேலை செய்கிறது, நான் கூப்பிட்டால் மட்டும் எடுப்பதில்லை. மனைவி போனிலிருந்து அடித்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்து, "வெல்கம் டு டெல்லி, மேடம்" என்றார்.