சுவிட்சுக்குள் ஓர் அட்சதை அரிசி

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. சிங்கப்பூர் ஊபியில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் சரக்கு லிஃப்டில் நின்றுகொண்டிருந்தேன். தோளில் ரிப்பேர் முடிந்த கிட்டார் மாடலர், அதாவது பலவித ஆம்ப்களின் (கிட்டார் ஒலிபெருக்கிகளின்) சவுண்டைப் போலவே உருவாக்கித் தரும் பெட்டி. சட்டைப் பையில் ஒரு குட்டி பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரே ஒரு மஞ்சள் அரிசி. அந்த நேரம் பார்த்து, வேறொரு குழுவில் வாசிக்கும் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் கேட்கிறான்: "அண்ணே, மாடலர் எடுக்கலாம்னு இருக்கேன். ரேக்கா, ஃப்ளோரா? உங்ககிட்டதான் ரெண்டும் இருக்கே."

இருக்கிறது. 2016-ல் ரேக் வாங்கினேன், 2021-ல் ஃப்ளோர். ரேக் என்பது சட்டத்தில் திருகி வைக்கிற பெட்டி, மிதிக்கிற கன்ட்ரோலர் தனி; ஃப்ளோர் என்றால் எல்லாம் ஒரே பெட்டியில், தரையில் வைத்துக் காலால் மிதிப்பது. லிஃப்டில் இருந்த மனநிலையில் பதில் போட்டிருந்தால் இரண்டே வார்த்தையில் முடிந்திருக்கும். இரண்டையும் இங்கே எழுத முடியாது. அதனால் வீட்டுக்கு வந்து ஒரு தே ஓ (பாலில்லாத தேநீர்) குடித்துவிட்டு நிதானமாக எழுத உட்கார்ந்தேன். நிதானம் எவ்வளவு தூரம் கூட வருகிறது, பார்ப்போம்.

என்னுடைய பெட்டிகளின் பிராண்டு பெயர் வேண்டாம். நடந்ததற்குச் செய்தவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. தவிர, பெயரைச் சொன்னால் ஒரு கூட்டம் கம்பைத் தூக்கிக்கொண்டு வரும்.

முதலில் சவுண்ட். இதில் எழுத அதிகமில்லை. லைன் 6 நிறுவனம் 2015-ல் ஹீலிக்ஸ் மாடலரை இறக்கியபோதே ரேக், ஃப்ளோர் இரண்டுக்கும் சவுண்டை உருவாக்கும் எஞ்சின் ஒன்றுதான். கெம்பர் நிறுவனமும் அப்படியே: 2019-ல் வந்த ஸ்டேஜ் என்ற ஃப்ளோர் மாடல், ரேக்கில் ஓடிய அதே புரொஃபைல்களைத்தான் (ஆம்ப்களின் சவுண்ட் நகல்களை) ஓட்டுகிறது. ஃபிராக்டல் நிறுவனத்தில் மட்டும் மாடலுக்கு மாடல் படிக்கட்டு உண்டு. ஆக்ஸ்-எஃப்எக்ஸ் 3-லும் எஃப்எம்9-லும் ஒரே பிரீசெட்டில் (சேமித்து வைத்த சவுண்ட் அமைப்பில்) இரண்டு ஆம்ப் போடலாம், எஃப்எம்3-ல் ஒன்றுதான். சரி, இரண்டு ஆம்பை இடதும் வலதுமாக விரித்து வாசிக்கச் சொல்லி நம்மை யார் கூப்பிடுகிறார்கள்? பாதி மண்டபங்களில் ஸ்பீக்கரே மோனோ. சவுண்டை வைத்து ரேக்கா ஃப்ளோரா என்று முடிவெடுக்கிறவன் வீட்டில் ஹெட்ஃபோனில் மட்டும் வாசிக்கிறவனாக இருப்பான். அதில் தப்பில்லை, வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இரவு பதினொரு மணிக்கு வேறு வழியும் இல்லை.

தூக்கிக்கொண்டு போவதுதான் உண்மையான விஷயம்.

ரேக்கின் 19 அங்குல அகலம் அந்தக் காலத்துத் தொலைபேசி நிலையங்களில் கருவிகளை அடுக்க வந்த அளவு. ஒரு யூனிட் உயரம் 44.45 மில்லிமீட்டர். மாடலர் மூன்று யூனிட், அதன் மேல் வயர்லெஸ் ரிசீவர் ஒரு யூனிட், சுற்றிலும் ஒரு கேஸ். வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன், 17 கிலோ. காலால் மிதிக்கும் கன்ட்ரோலர் தனிப் பையில். கிட்டார் தனி. இதை எல்லாம் வைத்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் ஏறினால் சனிக்கிழமை மாலைக் கூட்டம் நம்மைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! ஆகவே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பெரிய வாடகை வண்டி. வாசித்துச் சம்பாதித்ததில் கால்வாசி வண்டிக்கே போகும்.

ஃப்ளோர் வந்த பிறகு முதுகில் ஒரு பை, கையில் கிட்டார், அவ்வளவுதான். தோ பாயோவில் ஏறி, நியூட்டனில் மாறி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கினால் லிட்டில் இந்தியா. மேடையில் கரண்டுக்கு ஒரு வயர், மிக்ஸருக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று. கீபோர்டு அண்ணன் ஸ்டாண்டை விரித்து முடிப்பதற்குள் நான் கேன்டீனில் வடை தின்றுகொண்டிருப்பேன். நான்கு வருடமாக இந்த சுகத்தை ஒரு நாள்கூட மறந்ததில்லை. இதை எழுதிவிட்டுத்தான் திட்ட ஆரம்பிக்க வேண்டும் என்று தீர்மானம் செய்திருந்தேன், எழுதிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரேக் பின்னால் இருக்கும், கன்ட்ரோலர் முன்னால் இருக்கும், நடுவே ஒரு கேபிள் ஓடும். கெம்பர் ரிமோட்டுக்கு ஈதர்நெட் கேபிள், ஃபிராக்டல் எஃப்சி-12-க்கு எக்ஸ்எல்ஆர் கேபிள். கன்ட்ரோலருக்கு வேண்டிய கரண்டும் அதிலேயே வந்துவிடும். அழகான ஏற்பாடு, ஸ்டூடியோவில். கல்யாண மேடையில் அந்தக் கேபிளைத் தாண்டித்தான் சீர்வரிசைத் தட்டுகள் வரும். பட்டுப்புடவை, குதிகால் செருப்பு, கையில் பழத்தட்டு, பார்வை கேமராவில். என் கேபிளைக் கேஃபர் டேப் (மேடையில் வயர் ஒட்டும் துணி நாடா) போட்டு ஒட்டி, மேலே இன்னொரு டேப் ஒட்டி, அதற்கும் மேலே கார்பெட்டை இழுத்து மூடி, அப்படியும் வாசிக்கும் நேரம் முழுக்க ஒரு கண் அங்கேயே இருக்கும். ஃப்ளோரில் அந்தக் கவலை போயிற்று.

போய், வேறு கவலை வந்தது.

முதலாவது, குனிவது. எங்கள் குழுவுக்கு வேட்டி சட்டைதான் சீருடை. சவுண்ட் செக்கில் மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து மிக்ஸர்காரர் கத்துவார்: "அண்ணே, அந்த ரெண்டு கிலோஹெர்ட்ஸ் காதைக் குத்துது, கொஞ்சம் இறக்குங்க." ரேக்கில் இது ஒன்றுமேயில்லை. இடுப்பு உயரத்தில் ஒரு குமிழ், இடது கையால் ஒரு திருகு. ஃப்ளோரில் கிட்டாரை முதுகுப் பக்கம் தள்ளி, வேட்டியைக் கால்களுக்கிடையில் செருகி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கூரையைப் பார்த்துக் கிடக்கும் திரையில் விளக்கு வெளிச்சம் விழாத கோணத்தைத் தேட வேண்டும். எழுந்ததும் "இன்னும் கொஞ்சம்" என்பார். எனக்கு 46 வயது. முட்டிக்கு அதைவிட அதிகம். நியாயமாகச் சொன்னால் கம்பெனிகளும் இதை யோசிக்காமல் இல்லை: ஹீலிக்ஸில் காலாலேயே அளவுகளை மாற்ற ஒரு வழி உண்டு, குவாட் கார்டெக்ஸ் என்ற ஃப்ளோர் மாடலரில் மிதிக்கும் சுவிட்சே திருகும் குமிழாகவும் வேலை செய்யும். ஆனால் காலால் திருகவா முடியும்? அதற்கும் குனியத்தான் வேண்டும்.

இரண்டாவதுதான் அந்த அரிசி.

புரட்டாசிக்கு முன்னால் ஒரு கல்யாணம், கோயில் மண்டபத்தில். முகூர்த்தம் முடிந்த கையோடு மதிய விருந்து, விருந்துக்கு எங்கள் கச்சேரி. நேரம் இல்லை என்று காலையிலேயே எல்லாவற்றையும் மேடை ஓரத்தில் விரித்துவிட்டோம். கெட்டிமேளம் கொட்டியது, எல்லோரும் அட்சதை போட்டார்கள். நானும்தான் போட்டேன், என் பெட்டிக்கு மேலாகவே. வாசிக்கத் தொடங்கும் முன் பெட்டியின் மேலிருந்த அரிசியை எல்லாம் கையால் தள்ளிவிட்டேன். மதியம் ஒரு பிரச்சினையும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஹோட்டலில் வரவேற்பு. எண்பதுகளின் பாட்டு ஒன்று, நடுவில் பதினாறு பார் கிட்டார் சோலோ. சோலோவுக்கு முன் எக்கோவின் வேகத்தைத் தாளத்தோடு சேர்க்க டேப் (tap) சுவிட்சை இரண்டு தட்டு தட்டுவேன். முதல் தட்டு சரி. இரண்டாவது தட்டில் கீழே போன சுவிட்ச் மேலே வரவில்லை. அந்த சுவிட்சை அழுத்திப் பிடித்தால் சுருதி சரிபார்க்கும் டியூனர் திறக்கும். டியூனர் திறந்தால் அவுட்புட் அடைபடும். பல மாடலர்களில் இதே வழக்கம்தான், எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? நான் கண்ணை மூடிக்கொண்டு முதல் நோட்டை இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. கீழே பார்த்தால் திரை நிறைய ஒரு பெரிய எழுத்து, பக்கத்தில் பச்சை விளக்கு. முந்நூறு பேருக்குக் கேட்காத சோலோ, சுருதி மட்டும் சுத்தமாக இருக்கிறது என்று எனக்கு மட்டும் சான்றிதழ்!

கீபோர்டு அண்ணன் நான்காவது பாரில் புரிந்துகொண்டு உள்ளே புகுந்தார். நான் பிரீசெட்டை மாற்றிப் பார்த்தேன், டியூனர் போகவில்லை. கடைசியில் கரண்டைப் பிடுங்கி மறுபடியும் செருகினேன். பெட்டி முழித்து எழுவதற்குள் பாட்டே முடிந்துவிட்டது. சாப்பாட்டு வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார்: "தம்பி, கிட்டார் சும்மா ஆக்‌ஷனா? எல்லாம் டிராக்கா?" இருபது வருடமாக வாசிக்கிறேன். பிரியாணி இறங்கவில்லை.

விற்ற இடத்தில் கேட்டேன். சர்க்யூட் பலகையோடு மாற்ற வேண்டும், ஆறு வாரம் ஆகும், 640 வெள்ளி, அதற்கு மேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு என்றார்கள். திறந்து பார்த்தீர்களா என்றால் பார்க்கவில்லை. பார்க்காமலே பலகை! அப்புறம் ஒரு டிரம்மர் சொல்லித்தான் ஊபி அங்கிளிடம் போனேன். அறை முழுக்கப் பழைய ஆம்ப்கள், உட்கார இடமில்லை. அவர் அடித்தகட்டைக் கழற்றி, சுவிட்சின் தண்டை மேலும் கீழுமாக இரண்டு முறை ஆட்டி, காதருகே வைத்துக் கேட்டார். ஒரு சுவிட்சை ஸ்டெதஸ்கோப் இல்லாத வைத்தியர் மாதிரி ஒருவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை. பிறகு இடுக்கியை விட்டு எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "ரைஸ், லா."

முனை உடைந்த ஒரு பச்சரிசி. தண்டைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே நூல் அளவுதான் இடைவெளி, அதன் வழியாகப் போயிருக்கிறது. முழு அரிசி போயிருக்காது, உடைந்தது என்பதால் போயிற்று. மஞ்சளோடு பிசைந்த நெய் இருக்கிறதே, அது தண்டில் மெல்லிசாக ஒட்டி, இந்த ஊர்ப் புழுக்கத்தில் தூசியைச் சேர்த்துப் பிசின் மாதிரி ஆகிவிட்டது. அரிசி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பலகையில் விரல்நுனி அளவு மஞ்சள் கறை, துடைத்தும் முழுசாகப் போகவில்லை. கீழேயிருந்த குட்டி மைக்ரோசுவிட்சையும் மாற்றி, மொத்தம் 60 வெள்ளி வாங்கிக்கொண்டார். அரிசியைத் தூக்கிப் போடப்போனவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இதை எங்கள் டிரம்மரிடம் சொன்னபோது அவன் கேட்டான், "ரேக் வச்சிருந்தாலும் கன்ட்ரோலர் தரையிலதானே அண்ணே இருக்கும்? அதுக்குள்ள அரிசி போகாதா?" போகும். நன்றாகவே போகும். ஆனால் போனால் போவது கன்ட்ரோலர்தான். நான் இரண்டடி நடந்து ரேக்கின் முகப்பில் ஒரு பட்டனை அழுத்தி டியூனரை மூடிவிட்டு வாசித்திருப்பேன். மூளையைக் கொண்டுபோய்க் காலடியில் வைத்தவன் நான்தான். அவன் கேள்வி நியாயம் என்பது எனக்குத் தெரிகிறது, அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது.

அடுத்த கல்யாணத்துக்கு ஒரு யோசனை செய்தேன். வீட்டில் சாப்பாட்டை மூடிவைக்கும் துடோங் சாஜி, பச்சை வலை போட்ட பெரியது, அதைக் கொண்டுபோய் முகூர்த்தம் முடியும்வரை பெட்டியைக் கவிழ்த்து மூடினேன். அளவு கச்சிதம். ஓர் அரிசிகூட உள்ளே விழவில்லை. தாலி கட்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, பெண்ணின் அத்தை வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே பலகாரம் இல்லை என்றதும் என்னைப் பார்த்த பார்வையில் ஏமாற்றம் மட்டும் இல்லை.

சரி, தம்பியின் கேள்வி. ரேக் கட்டாயம் வேண்டும் என்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். சொந்த ஸ்பீக்கர் கேபினட்டை மேடையில் வைத்து அதிர வைக்க வேண்டுமென்றால் கெம்பர் பவர்ரேக்கில் 600 வாட் ஆம்ப் உள்ளேயே வருகிறது. கெம்பர் ஸ்டேஜ் மாடலில் அது கிடையாது. ஸ்டூடியோவில் ஒரே இடத்தில் திருகி வைத்துவிட்டு நகர்த்தவே மாட்டேன் என்றாலும் ரேக்தான். மற்றபடி காற்று ஃப்ளோர் பக்கம்தான் வீசுகிறது. குவாட் கார்டெக்ஸ் வந்ததே தரைக்காக. லைன் 6 நிறுவனம் 2025-ல் ஹீலிக்ஸ் ஸ்டேடியத்தை அறிவித்தபோது முன்னால் கொண்டுவந்து வைத்த இரண்டும் ஃப்ளோர்தான். ரேக் விலையோடு கன்ட்ரோலர் விலையையும் கூட்டிப் பார், அந்தக் காசில் ஃப்ளோர் வாங்கி, மிச்சத்தில் இரண்டு வருடம் எம்ஆர்டியில் போகலாம்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து அவனுக்குப் பதில் போட்டேன்: "ஃப்ளோர் எடு. யோசிக்காதே. ஒரு துடோங் சாஜியும் வாங்கிக்கோ."

உடனே கேட்டான், "அப்போ கேரசெல்ல போட்டிருக்கிற உங்க ரேக்கை என்ன விலைக்குக் குடுப்பீங்க? என் கூட்டாளிக்கு வேணுமாம்."

எட்டு மாதமாகக் கேரசெல் என்கிற பழைய பொருள் விற்கும் தளத்தில் அந்த விளம்பரம் கிடந்தது, ஒருவரும் சீந்தவில்லை. அன்று ராத்திரியே எடுத்துவிட்டேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ரேக்கை இழுத்து, தூசி தட்டி, கரண்டைக் கொடுத்தேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எழுந்துகொண்டது. தை மாதம் ஒரு முகூர்த்தம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். பெரிய வண்டி பதிவு செய்தாயிற்று, கேஃபர் டேப் ஒரு சுருள் வாங்கியாயிற்று. பெட்டியின் முகப்பில், வால்யூம் குமிழுக்குப் பக்கத்தில், அந்த பிளாஸ்டிக் உறையை ஒட்டி வைத்திருக்கிறேன்.