மதர்போர்டு போச்சுன்னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க: 6,350 ரூபாயை விட்டுட்டு எழுதுறேன்

கோபம் அடங்கின பிறகு எழுதினா பாதி விட்டுப்போகும். அதனால இப்பவே எழுதிடுறேன். நேத்து ராத்திரிதான் விஷயம் தெரிஞ்சது. 6,350 ரூபாய் போச்சு. குமுளி பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதா ஒரு டிடிபி, ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். பக்கத்துக்கு 3 ரூபாய் வாங்குறவளுக்கு 6,350ன்னா எத்தனை பக்கம்னு நீங்களே கணக்குப் போடுங்க.

கடையில இருக்கிறது ஒரே ஒரு கம்ப்யூட்டர். நாள் முழுக்க வர்றவங்க எல்லாரும் பென் டிரைவை முன்பக்க யுஎஸ்பியிலதான் சொருகுவாங்க. தலைகீழா வச்சு அழுத்துறவங்க உண்டு, சொருகினபடியே வெடுக்குன்னு இழுக்கிறவங்களும் உண்டு. போன வாரம் திங்கள்கிழமை காலையில ஆன் பண்ணினேன். கறுப்புத் திரையில ஒரு இங்கிலீஷ் வரி வந்தது. 'யுஎஸ்பி டிவைஸ் ஓவர் கரண்ட்', 15 செகண்டுல சிஸ்டம் அணைஞ்சிரும்னு. சொன்ன மாதிரியே அணைஞ்சது. திரும்பப் போட்டேன், அதே வரி. பின்னாடி இருந்த பிரிண்டர், மவுஸ், கீபோர்டு எல்லாத்தையும் கழட்டிட்டுப் போட்டேன், அப்பவும் அதே வரி. ஏகஜாலகம்னு சொல்ற, கேரளாவோட பிளஸ் ஒன் ஒற்றைச் சாளரச் சேர்க்கைக்கு அப்ளிகேஷன் போடுற நேரம். பிள்ளைங்க மார்க் லிஸ்டோட வாசல்ல நிக்குது.

எங்க ஊர்ல 'கீழே'ன்னா மலையிறங்கி தமிழ்நாட்டுப் பக்கம். விலை குறைவுன்னு துணி, மளிகை, ரிப்பேர் எல்லாத்துக்கும் கீழேதான் போவோம். நானும் சிபியுவைப் பழைய போர்வையில சுத்தி மடியில வச்சுக்கிட்டு பஸ் ஏறினேன். லோயர் கேம்ப் வரைக்கும் ஒவ்வொரு வளைவுலயும் எங்கேயும் இடிச்சிரக் கூடாதுன்னு ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சிருந்தேன்.

கடைப் பேர் சொல்லல. விற்பனை, சர்வீஸ் ரெண்டும் பண்ற கம்ப்யூட்டர் கடை, மெயின் ரோட்டுல பெரிய கண்ணாடிக் கதவு போட்டது. ஓனர் எந்திரிச்சு வந்து சிபியுவை என் கையிலேர்ந்து வாங்கினார். "மலையிலேர்ந்தா தூக்கிட்டு வந்தீங்க? உக்காருங்கக்கா"ன்னு டீ சொன்னார். அவங்க பாட்டி ஊரு வண்டிப்பெரியாராம், ஏலத்தோட்டத்துல வேலை பாத்தவங்களாம். "நம்ம ஆளுக, எங்க அக்கா சிஸ்டம் மாதிரி பாத்துத் தர்றேன்"னார். அந்தப் பேச்சுலதான் நான் விழுந்தேன். அந்த டீயைக் குடிச்சிருக்கவே கூடாது.

பத்து நிமிஷம் உள்ள கொண்டுபோயிட்டு வந்து, "அக்கா, மதர்போர்டு போச்சு. யுஎஸ்பி ஷார்ட் ஆகி போர்டையே அடிச்சிருச்சு. மாத்துனாத்தான் உண்டு"ன்னார். எவ்வளவுன்னேன். போர்டு, கூலி எல்லாம் சேர்த்து 6,350. வேற வழியே இல்லையான்னேன். "இருந்தா உங்ககிட்ட சொல்ல மாட்டேனாக்கா?" மகளோட பள்ளிக்கூடச் செலவுக்கு எடுத்து வச்சிருந்த பணத்தை அப்படியே ஜிபேயில அனுப்பினேன். பில் கேட்டதுக்கு ஒரு துண்டுச் சீட்டுல 'சர்வீஸ் 6,350'ன்னு எழுதிக் கொடுத்தார். முத்திரை இல்ல, போர்டு மாடல் இல்ல, சீரியல் நம்பர் இல்ல. வாரண்டி? "ஒரு வருஷம்க்கா, ஒரு போன் போட்டாப் போதும்."

புதன்கிழமை வாங்கிட்டு வந்தேன். ஆன் ஆச்சு. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சேன். அரை மணி நேரம் கழிச்சு ஒருத்தர் பென் டிரைவ் கொண்டுவந்தார். முன்பக்கம் ரெண்டு போர்ட்டும் செத்துக் கிடக்கு. லைட் எரியல, சத்தம் வரல. பின்பக்கம் சொருகினா வருது.

போன் பண்ணினேன். "டிரைவர் இருக்காதுக்கா, அப்டேட் போடுங்க." போட்டேன், ஒண்ணும் ஆகல. மறுநாள் பண்ணினேன். "பையன் வெளிய போயிருக்கான், வந்ததும் பேசச் சொல்றேன்." யாரும் பேசல. மூணாவது தடவை, "கேபினட் பழசுக்கா, அதுக்கு நாங்க பொறுப்பில்ல. புது கேபினட் போட்டா சரியாயிரும், 2,200." 6,350 வாங்கினது பத்தாதாம்!

நேத்து ராத்திரி பக்கத்து வீட்டுப் பையன் வந்தான், கோட்டயத்துல இன்ஜினியரிங் படிக்கிறவன். பிளக்கைப் பிடுங்கிட்டு மூடியைக் கழட்டினான். டார்ச் அடிச்சுப் பார்த்தவன், "சேச்சி, இதைப் பாருங்க"ன்னான். முன்பக்க யுஎஸ்பியிலேர்ந்து வர்ற கேபிள், சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு வயர் போட்டது, மதர்போர்டுல இருக்கிற 9 பின்ல சொருகியிருக்கணும். சொருகவே இல்ல. மடிச்சு ஓரமா ஒதுக்கி, வெள்ளை பிளாஸ்டிக் டையால இறுக்கிக் கட்டியிருக்கு. புதுப் போர்டைத் தவிர உள்ள எல்லாம் வருஷக் கணக்கா படிஞ்ச தூசி, அந்த டை மட்டும் பளிச்சுன்னு புதுசு. வெட்டின முனை கூட கூர்மையா இருந்தது.

அவன் டையை வெட்டி, கேபிளைப் புதுப் போர்டுல சொருகிட்டு ஆன் பண்ணினான். அதே வரி! அதே 15 செகண்டு! கேபிளைப் பிடுங்கினான், ஒழுங்கா ஓடுது. முன்பக்கப் போர்ட்டுக்குள்ள டார்ச் அடிச்சுக் காட்டினான். உள்ள நாக்கு மாதிரி ஒரு பிளாஸ்டிக் இருக்குமே, அது ஒடிஞ்சு, அதுல இருக்கிற செம்புப் பட்டை வளைஞ்சு சுத்தியிருக்கிற இரும்புக் கூட்டை ஒட்டிக்கிட்டிருக்கு. யுஎஸ்பியில வர்றது 5 வோல்ட், சாதா போர்ட்டுக்கு அரை ஆம்பியர்தான் அளவு. இப்படி ஒட்டினா அளவுக்கு மீறி கரண்ட் இழுக்கும். உடனே போர்டு தன்னைக் காப்பாத்திக்க மொத்தமா அணைச்சிரும். பழைய போர்டு செஞ்சதும் அதைத்தான். அது நல்லா இருந்ததாலதான் அந்த வரியே வந்திருக்கு!

கேபிளைக் கட்டி ஒதுக்கினவனுக்குக் கோளாறு எங்கன்னு தெரிஞ்சிருக்கு. தெரியாமலா அந்த ஒரு கேபிளை மட்டும் கட்டுவான்? அதைப் பிடுங்கி விட்டு, "முன்னாடி போர்ட்டை மட்டும் மாத்துங்கக்கா"ன்னு சொல்லியிருந்தா கூலியோட சில நூறு ரூபாயில முடிஞ்சிருக்கும். ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

டையோட எடுத்த போட்டோவைக் காலையில வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ரெண்டு டிக்கும் நீலமாச்சு, பதில் இல்ல. பத்து மணிக்குக் கடையைச் சாத்திட்டுக் கீழே போனேன். ஓனர் இல்ல, திண்டுக்கல் போயிருக்காராம். கவுன்டர்ல இருந்த பையன் என் முகத்தையே பாக்கல. என் பழைய போர்டைக் கொடுன்னேன். "ஸ்கிராப்ல போயிருச்சு." ஓடிக்கிட்டிருந்த போர்டு ஸ்கிராப்பா? போன் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். ஓனர் போன்ல சொன்னது: "நீங்க கேரளா, கடை தமிழ்நாடு. எங்க வேணா கம்ப்ளைண்ட் கொடுங்க, செல்லாது." டீ வாங்கிக் கொடுத்த அதே வாய்.

செல்லும். எங்க கடைக்கு டைப்பிங்குக்கு வர்ற வக்கீல் குமாஸ்தாகிட்ட கேட்டுட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுக்கிறவர் குடியிருக்கிற இடத்துலயோ வேலை பார்க்கிற இடத்துலயோ கொடுக்கலாம். எனக்கு இடுக்கி மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும், மலையிறங்க வேண்டியதில்ல. பிழைப்புக்காக நாமே நடத்துற சின்னக் கடைன்னாலும் நுகர்வோர்தான். நாம கொடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா புகாருக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள கொடுக்கணும். அதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணிப் பதிஞ்சு வைக்கலாம்.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. இந்த ஓவர் கரண்ட் வரி வந்தா, வெளியில சொருகினதை எல்லாம் கழட்டிட்டுப் போட்டுப் பாருங்க. அப்பவும் வந்தா, பவரைப் பிடுங்கிட்டு உள்ள இருக்கிற முன்பக்க யுஎஸ்பி கேபிளை எடுத்துவிட்டுப் பாருங்க. வரி போச்சுன்னா போர்டு மேல தப்பில்ல. திரும்ப மாட்டும்போது ஆடியோ பின்னுல மாட்டிடாதீங்க, அதுவும் 9 பின்தான், காலியா இருக்கிற இடம் மட்டும்தான் வேற. ரிப்பேருக்குக் கொடுக்குமுன்ன உள்ளே இருக்கிறதைப் போட்டோ எடுங்க. கழட்டின பொருள் கைக்கு வராம காசு கொடுக்காதீங்க. துண்டுச் சீட்டு வாங்காதீங்க. நான் வாங்கினேன், அதான் இப்படி அலையுறேன்.

1915ல பதிஞ்சாச்சு. துண்டுச் சீட்டு, ஜிபே ரசீது, போட்டோ மூணையும் என் கடையிலயே பிரிண்ட் போட்டு வச்சிருக்கேன். அந்த வெள்ளை டையும் கவர்ல பத்திரமா இருக்கு.