சீன வரலாறு படிக்க எந்த நூல் வரிசை: கேம்பிரிட்ஜா, ஹார்வர்டா?

சீன வரலாற்றை ஆங்கிலத்தில் கோவையாகப் படிக்க நினைப்பவர் கடைசியில் இந்த இரண்டு வரிசைகளுக்கு முன்னால்தான் வந்து நிற்பார். ஒன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் சீன வரலாறு. இன்னொன்று டிமோத்தி புரூக்கைப் பொதுப் பதிப்பாசிரியராகக் கொண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட பேரரசுக் காலச் சீன வரலாறு, ஆறு தொகுதிகள். நான் ஹார்வர்ட் ஆறையும் வாங்கினேன். கேம்பிரிட்ஜில் ஒன்றே ஒன்றுதான் வாங்கினேன், மற்றவற்றைத் தேவைப்படும்போது நூலகத்தில் எடுத்துக்கொள்கிறேன். யாராவது கேட்டால் அவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். கேம்பிரிட்ஜ் பெரியது. 15 எண்ணிட்ட தொகுதிகள், சில இரண்டு பாகங்களாக, பல தொகுதிகள் ஆயிரம் பக்கத்தைத் தொடும், ஒவ்வொரு இயலையும் அந்தத் துறையில் ஊறிய ஒருவர் எழுதியிருப்பார். ஹார்வர்டில் தொகுதிக்கு ஓர் ஆசிரியர், சுமார் 350 பக்கம், கையில் பிடித்துப் படிக்கலாம். கேம்பிரிட்ஜின் ஒரு தொகுதிக்குக் கொடுக்கும் பணத்தில் ஹார்வர்டின் பேப்பர்பேக் நாலைந்து வாங்கிவிடலாம். சீனப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதக் கேம்பிரிட்ஜின் பெரும்பகுதி பழைய வேட்-ஜைல்ஸ் முறையைப் பின்பற்றுகிறது, ஹார்வர்ட் முழுக்க இன்று வழக்கில் உள்ள பின்யின் முறை, இன்றைய வரைபடத்தில் ஊரைத் தேடுகிறவருக்கு இதுதான் வசதி. அப்புறம், ஹார்வர்ட் 1911-12இல் பேரரசோடு முடிந்துவிடுகிறது. குடியரசு, மாவோ காலம் எல்லாம் வேண்டுமென்றால் கேம்பிரிட்ஜின் 12 முதல் 15 வரையிலான தொகுதிகளுக்குத்தான் போக வேண்டும். அந்த நான்கையும் நான் அங்கங்கேதான் படித்திருக்கிறேன், அதனால் அவற்றைப் பற்றித் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

இவை எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது புத்தகத்தின் வயது.

கேம்பிரிட்ஜ் வரிசையை ஜான் கிங் ஃபேர்பேங்க்கும் டெனிஸ் ட்விட்செட்டும் திட்டமிட்டது 1966இல். அப்போது நினைத்தது ஆறே தொகுதி. ஆராய்ச்சி பெருகப் பெருக வரிசையும் நீண்டது. முதலில் அச்சில் வந்தது 10ஆம் தொகுதி, 1978இல். சீனத்தின் முதல் இரண்டு பேரரசுகளான சின், ஹான் பற்றிச் சொல்லும் முதல் தொகுதி 1986. அதற்கு அடுத்த காலத்தைச் சொல்லும் இரண்டாம் தொகுதி எப்போது வந்தது தெரியுமா? 2019. முப்பத்து மூன்று ஆண்டு இடைவெளி. ஃபேர்பேங்க் 1991இலும் ட்விட்செட் 2006இலும் காலமானார்கள், வரிசை அவர்களையும் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக, முதுகட்டையில் அடுத்தடுத்த எண் போட்ட இரண்டு புத்தகங்களில் ஒன்று ஒரு தலைமுறையின் அறிவு, மற்றது அதற்கு அடுத்த தலைமுறையின் அறிவு. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒன்றிலிருந்து பதினைந்து வரை ஒரே கதையாகப் படிக்கக் கூடாது.

மற்ற நாட்டு வரலாறுகளிலும் பழைய புத்தகம் பழசாகும்தான். சீனத்தில் இது இன்னும் கடுமை, ஏனென்றால் அங்கே மண்ணுக்கு அடியிலிருந்து எழுத்தே வந்துகொண்டிருக்கிறது. 1975இல் ஹூபெய் மாகாணம் ஷுய்ஹுதியில் சின் காலத்துச் சிற்றதிகாரி ஒருவரின் கல்லறையைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் ஓலைகள் கிடைத்தன. அரசு மாட்டின் உடல் சுற்றளவு உழவு வேலையில் ஓர் அங்குலம் குறைந்தால் பொறுப்பாளருக்குப் பத்துப் பிரம்படி என்கிற அளவுக்கு நுணுக்கமான சட்டங்கள் அதில் இருந்தன. சின் அரசு என்றால் வெறும் கொடுமை என்று ஹான் காலத்தவர் எழுதிவைத்த சித்திரத்தை, கணக்கும் பதிவேடுமாக இயங்கிய ஒரு நிர்வாகத்தின் சித்திரமாக மாற்றியது அந்தக் கண்டுபிடிப்பு. 1986 தொகுதிக்கு இது கைக்கு எட்டியது. ஆனால் சாங்ஜியாஷான் கல்லறையில் கிடைத்த, கி.மு. 186ஐச் சேர்ந்த ஹான் சட்டங்கள் முழுமையாக அச்சானது 2001இல்தான். 2002இல் ஹூனான் மாகாணம் லியேயில் ஒரு பழங்கிணற்றிலிருந்து 36,000க்கும் மேற்பட்ட ஓலைகள் வந்தன, ஒரு மலைநாட்டு வட்ட அலுவலகத்தின் அன்றாடக் காகிதக்கட்டு என்றே சொல்லலாம். ஹார்வர்டின் முதல் தொகுதியை மார்க் எட்வர்ட் லூயிஸ் 2007இல் வெளியிட்டபோது சாங்ஜியாஷான் சட்டங்கள் அச்சில் வந்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது. சின், ஹான் நிர்வாகம் பற்றிப் படிக்க இருபது ஆண்டு வித்தியாசம் சாதாரணம் இல்லை.

தாங் வம்சக் காலத்துக்கு (கி.பி. 7-10ஆம் நூற்றாண்டு) வந்தால் வயது இன்னொரு விதத்தில் இடிக்கிறது. கேம்பிரிட்ஜின் மூன்றாம் தொகுதி 1979இல் வந்தது, பேரரசர் பேரரசராக அரசியலைச் சொல்கிறது. சமூகம், பொருளாதாரம், சமயம் எல்லாம் நாலாம் தொகுதிக்கு என்று ஒதுக்கிவைத்தார்கள். அந்த நாலாம் தொகுதி வரவேயில்லை. தலைநகர் சாங்கானின் சந்தைகள், பௌத்த மடங்களின் சொத்து, குடும்பத்தில் பெண்களின் நிலை இதையெல்லாம் தேடுகிறவருக்கு அங்கே பெரிய பள்ளம். லூயிஸின் தாங் தொகுதி (2009) நிலவியல், நகரம், கிராமம், வெளியுலகம், உறவுமுறை, சமயம், எழுத்து என்று இயல் பிரித்து எழுதப்பட்டது. பள்ளத்தை அது முழுதாக நிரப்புகிறது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நிற்க ஓர் இடம் தருகிறது.

கடைசி வம்சமான சிங் காலத்தில்தான் இது உச்சம். கேம்பிரிட்ஜின் 10, 11 தொகுதிகள் 1978, 1980. மேலைநாடுகள் கதவைத் தட்டின, சீனம் அதற்கு எப்படிப் பதில் சொன்னது என்ற ஃபேர்பேங்க் தலைமுறையின் கேள்விதான் அவற்றின் முதுகெலும்பு. பிறகு பெய்ஜிங் ஆவணக் காப்பகங்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களுக்குத் திறந்தன, சிங் ஆட்சியாளர்களின் மாஞ்சு மொழி ஆவணங்களைப் படிக்கத் தொடங்கினார்கள், சிங் அரசை வெறும் சீன வம்சமாக அல்லாமல் மங்கோலியா, திபெத், சின்ஜியாங் வரை விரிந்த நடு ஆசியப் பேரரசாகப் பார்க்கும் போக்கு வந்தது. வில்லியம் ரோவின் தொகுதி (2009) இந்த மாற்றங்களையெல்லாம் முன்னுரையிலேயே பேசிவிட்டுத்தான் கதைக்குள் நுழைகிறது. எந்த விவாதத்தின் நடுவில் நிற்கிறோம் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. இதற்கு ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும்: அந்த 1978 தொகுதியிலேயே ஜோசப் ஃப்ளெட்சர் எழுதிய நடு ஆசிய இயல்கள் இன்றும் வாடவில்லை. பல மொழி மூலங்களை ஒருவரே படித்து எழுதியதன் பலன் அது. நூலகத்தில் அவற்றை மட்டுமாவது எடுத்துப் படியுங்கள்.

கலை, இலக்கியம் தேடி வருகிறவர்களுக்கு இரண்டு சொல். கேம்பிரிட்ஜ் கலை வரலாற்றையும் இலக்கிய வரலாற்றையும் சேர்ப்பதில்லை என்று தன் பொது முன்னுரையிலேயே சொல்லிவிட்டது, அங்கே தேடி ஏமாற வேண்டாம். ஹார்வர்டில் சோங் வம்சத் (10-13ஆம் நூற்றாண்டு) தொகுதியை எழுதிய டீட்டர் கூன் நெசவுத் தொழில்நுட்ப வரலாற்றில் பெயர் பெற்றவர், பொருள்களைப் பார்க்கும் கண் அவருக்கு உண்டு. ஆனாலும் ஓவியத்துக்கும் கவிதைக்கும் தனிப் புத்தகங்கள்தான் கதி.

ஹார்வர்டுக்கும் குறைகள் இருக்கின்றன. முதல் மூன்று தொகுதியும் லூயிஸ் ஒருவரே, கி.மு. 221 முதல் கி.பி. 907 வரை ஒரே மனம், ஒரே மாதிரி இயல் பிரிவு, மூன்றாவதில் கொஞ்சம் அலுப்புத் தட்டுகிறது. யுவான், மிங் வம்சங்களைச் (13-17ஆம் நூற்றாண்டு) சொல்லும் புரூக்கின் தொகுதி (2010) பஞ்சம், குளிர், வறட்சி என்று தட்பவெப்பத்தை வைத்துப் பேரரசின் கதையைச் சொல்வது எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் மிங் அரசவையில் யாருக்குப் பின் யார், எந்த அமைச்சர் ஏன் விழுந்தார் என்று தேடினால் அதில் தடுமாறுவீர்கள். அதற்கு 1988இல் வந்த கேம்பிரிட்ஜின் ஏழாம் தொகுதிதான். அரசியல் நிகழ்வு வரிசை அவ்வளவு சீக்கிரம் பழசாவதில்லை. ஹார்வர்டுக்கும் இப்போது வயது ஏறிவிட்டது என்பதும் உண்மை. 27 நாள் மட்டும் ஹான் பேரரசராக இருந்து பதவியிலிருந்து இறக்கப்பட்ட லியூ ஹேயின் கல்லறை ஜியாங்ஷியில் 2011இல்தான் தெரியவந்தது, லூயிஸின் புத்தகத்தில் அதற்கு வழியில்லை.

சரி, அந்த ஒரே ஒரு கேம்பிரிட்ஜ் தொகுதி எது? ஐந்தாம் தொகுதியின் இரண்டாம் பாகம், 2015. சோங் காலத்துப் பொருளாதாரமும் கடல் வணிகமும் விரிவாக இருக்கும் பாகம் இது. சோழர் தூதுக்குழுக்கள் போய்ச் சேர்ந்தது சோங் அரசவைக்குத்தான், 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த சூவன்சௌ துறைமுகம் வளர்ந்ததும் இந்தக் காலத்தில்தான். தமிழ் வாசகருக்கு இதைவிடப் பக்கத்தில் இருக்கும் சீன வரலாறு இல்லை. அதோடு இது வரிசையின் புதிய தொகுதிகளில் ஒன்று, வயதுச் சிக்கலும் குறைவு. கூனின் 350 பக்கத்தில் கடலுக்கு இவ்வளவு இடம் கிடைக்காது.

வாங்குகிற வரிசை கேட்டால்: முதலில் ரோ, அடுத்து புரூக், அப்புறம் லூயிஸின் முதல் தொகுதி. இந்த மூன்றும் பிடித்திருந்தால் மீதி மூன்றும். கேம்பிரிட்ஜில் எதை எடுத்தாலும் முதலில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள், 1990க்கு முந்தையது என்றால் நூலகப் பிரதி போதும்.