சென்னைக் கடலில் சொந்த ஸ்கூபா கிட்: நீண்ட நாள் பயன்பாட்டில் எது தாங்குகிறது, எது மக்கர் செய்கிறது

ஸ்கூபா டைவிங்கின் முதல் நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது, எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது என்றுதான். முதலில் மாஸ்க், அடுத்து ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர், மூன்றாவதாக சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் ரெகுலேட்டர் என்ற வரிசையில் வாங்குங்கள். சிலிண்டரும் ஈய வெயிட்டும் என்றைக்கும் வாடகைக்கே போதும். பி.சி.டி. (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) அடிக்கடி கடலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும். நீலாங்கரை, கோவளம் பக்கம் பொழுதுபோக்கு டைவிங் செய்கிறவர்களின் உபகரணங்கள் ஆழத்தால் கெடுவதில்லை. மணலும் உப்பும் நம்ம ஊர் போர் தண்ணீரும்தான் கெடுக்கின்றன.

திருவான்மியூரைத் தாண்டி ஈ.சி.ஆர். ஓரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பாகவே வருகிறது. அதில் கழுவி வெயிலில் காயவைத்தால் உப்புப் பொடி திரும்ப வந்து உட்காரும். வாடகைக் கடைகளில் எல்லோருடைய கிட்டையும் முக்கி எடுக்கும் தொட்டியும் மதியத்துக்கு மேல் பாதிக் கடல் நீர்தான். மெட்ரோ தண்ணீர் இல்லையென்றால் இருபது லிட்டர் கேன் ஒன்று வாங்குங்கள். ரெகுலேட்டர், கம்ப்யூட்டர், மாஸ்க் மூன்றுக்கும் அது போதும். ரெகுலேட்டரில் சிலிண்டரோடு இணையும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வாய் மூடியை, அதாவது டஸ்ட் கேப்பைத் துணியால் துடைத்து உலர்த்தி, இறுக்கி மூடிய பிறகே தண்ணீரில் போட வேண்டும். அரை மணி நேரம் ஊறட்டும். ஊறும்போது, வாயில் வைக்கும் பகுதியான செகண்ட் ஸ்டேஜின் பர்ஜ் பட்டனை (காற்றைத் திறந்துவிடும் பட்டன்) அழுத்தவே கூடாது. அழுத்தினால் வால்வு திறந்து, ஹோஸ் வழியாகத் தண்ணீர் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வரை போய்விடும். காயவைப்பது நிழலில், ஃபேனுக்குக் கீழே. மொட்டை மாடி வெயிலும் பூட்டிய கார் டிக்கியும் சிலிகானுக்கும் நியோப்ரீனுக்கும் ஆகாது.

ரெகுலேட்டரைப் பொறுத்தவரை, கலங்கலும் மணலும் உள்ள நம் கரைக்கு சீல் செய்த டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) வகைதான் என் தேர்வு. ஸ்கூபாப்ரோ எம்.கே.17, ஏபெக்ஸ் எக்ஸ்.எல்.4 போன்றவை இந்த வகை. உள் ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் கடல் நீர் நுழையாது. எம்.கே.2 போன்ற பிஸ்டன் மாடல் விலை குறைவு, பாகங்களும் குறைவு, நன்றாகவே உழைக்கும். ஆனால் அதன் பிஸ்டன் அறை கடலுக்குத் திறந்தது. அதை இன்னும் அதிக நேரம் ஊறவைக்க வேண்டும், சர்வீஸைத் தள்ளிப்போடவும் கூடாது.

கெடப்போவதை ரெகுலேட்டர் முன்கூட்டியே காட்டும். ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வாயில் இருக்கும் சிறு ஃபில்டரைப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் உள்ளே ஈரம் போய்ப் பித்தளை அரிக்கிறது. செம்பழுப்பு என்றால் ஸ்டீல் சிலிண்டரின் துரு. கறுப்பு என்றால் கம்ப்ரஸரின் கார்பன் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். அந்த இடத்தில் காற்று நிரப்புவதை நிறுத்துங்கள். சிலிண்டரைத் திறந்து சில நிமிடத்தில் செகண்ட் ஸ்டேஜ் தானாக மெல்லச் சீறத் தொடங்கினால், பெரும்பாலும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் ஹை பிரஷர் சீட் (சிலிண்டர் காற்றை அடைக்கும் வால்வு இருக்கை) தேய்ந்து, இரண்டு ஸ்டேஜுக்கும் இடையிலான நடு அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். அதோடு இறங்க வேண்டாம். இன்னொரு சோதனை படகிலேயே பத்து வினாடியில் முடியும்: சிலிண்டர் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துக்கொண்டே நான்கு மூச்சு இழுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே இறங்கி ஏறினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. மேலே சரியாக வந்த காற்று இருபது மீட்டரில் போதாமல் போவது இப்படித்தான்.

ரெகுலேட்டரைச் சிலிண்டர் வால்வில் இறுக்கும் யோக் இணைப்பு வாடகை சிலிண்டர்களில் கசிந்தால் பெரும்பாலும் வால்வு முகப்பில் உள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங்தான் காரணம். 014 அளவு ஓ-ரிங் பத்து, அதைக் கிளப்பி எடுக்க ஒரு சின்ன பிக், இரண்டையும் மாஸ்க் டப்பாவிலேயே வைத்திருங்கள். அது இல்லாததால் படகில் சும்மா உட்கார்ந்திருப்பவர்களை அடிக்கடி பார்க்கலாம்.

பி.சி.டி.யில் முதலில் வம்பு செய்வது, சிலிண்டர் காற்றை அதில் நிரப்பும் பவர் இன்ஃப்ளேட்டர். கரையிலிருந்து படகேறும்போது அலையில் மணல் பட்டனுக்குள் புகும், உப்பும் சேர்ந்து இறுகும். அழுத்திய பட்டன் திரும்ப எழாவிட்டால் பி.சி.டி. தானாக நிரம்பி ஆளை மேலே தூக்கும். பத்து மீட்டரிலிருந்து மேலே வருவதற்குள் உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும் ஆபத்து. செய்ய வேண்டியது மூன்று: இன்ஃப்ளேட்டர் ஹோஸின் காலரைப் பின்னுக்கு இழுத்துக் கழற்று, மறு கையால் காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வை இழு, மூச்சை விட்டுக்கொண்டே இரு. குளிர்ந்த விரலுக்கும் கையுறைக்கும் அந்தக் காலர் சிக்க மாட்டேன் என்கும். அதனால் கரையிலேயே கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பழகுங்கள். டைவ் முடிந்ததும் வாய்க்குழாய் வழியாக அரை லிட்டர் நல்ல தண்ணீரைப் பையினுள் ஊற்றிக் குலுக்கி, முழுதாக வடிக்க வேண்டும். பிறகு பாதி ஊதி வையுங்கள்; தட்டையாக மடித்தால் நம் ஈரக் காற்றில் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

கம்ப்யூட்டரில் சுன்டோ ஸூப் நோவோவும் கிரெஸ்ஸி லியனார்டோவும் தொடங்குபவர்களுக்குப் போதும். முன்னதுக்கு சி.ஆர்.2450, பின்னதுக்கு சி.ஆர்.2430 பேட்டரி, ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும். மாற்றும்போது ஓ-ரிங்கையும் புதிதாகப் போட்டு சிலிகான் கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். ஷியர்வாட்டர் பெரெக்ரின் விலை அதிகம். ஆனால் இரண்டு மூன்று மீட்டர் தெளிவே இருக்கும் நாளில் அதன் கலர் ஸ்கிரீனைத்தான் கண் தேடாமல் படிக்க முடியும். எதை வாங்கினாலும் நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் வேகமாக ஏறாதீர்கள், ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். கம்ப்யூட்டரை நண்பருக்கு மாற்றிக் கொடுக்காதீர்கள். அதன் கணக்கு உங்கள் உடம்பில் ஏறிய நைட்ரஜனுக்கானது.

கத்தியைவிட முக்கியம் ஒரு லைன் கட்டர். பாறைகளில் சிக்கிக் கிடக்கும் தங்கூசி (நைலான் இழை) வலை கலங்கலில் கண்ணுக்கே தெரியாது. கத்தியால் அறுத்து அறுத்து இழுக்க வேண்டும். கொக்கி வடிவக் கட்டர் ஒரே இழுப்பில் வெட்டும். மாட்டிக்கொண்டால் திரும்பிச் சுழலாதீர்கள். அசையாமல் நின்று பார்ட்னரை வெட்டச் சொல்லுங்கள். ஃபைபர் படகுகள் ஓடும் இடம் என்பதால் ஒன்றரை மீட்டர் ஆரஞ்சு எஸ்.எம்.பி.யை (மேலே மிதந்து நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் காற்றுக் குழாய்) ஐந்து மீட்டரிலேயே விட்டு, அதன் பின்னால் ஏறுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்திலும் ஃபைபர் படகுகள் ஓடும். தடை விசைப்படகுகளுக்குத்தான்.

அக்டோபர் கடைசியில் வாடைக்காற்று பிடித்தால் சென்னைக் கடலை மறந்துவிடலாம். அந்தமான் சீசன் அப்போதுதான் தொடங்குகிறது. மே வரை போகலாம். திரிகோணமலைக்கு மே முதல் செப்டம்பர், இலங்கையின் ஹிக்கடுவைக்கு நவம்பர் முதல் ஏப்ரல். உள்நாட்டு விமானத்தில் பொதுவாகப் பதினைந்து கிலோதான் அனுமதி. ரெகுலேட்டரையும் கம்ப்யூட்டரையும் கைப்பையில் வையுங்கள். லைன் கட்டர் செக்-இன் பெட்டியில், டார்ச்சின் லித்தியம் பேட்டரி கையோடு. உடம்பில் ஏறிய நைட்ரஜன் வெளியேற, ஒரே ஒரு டைவ் என்றால் பன்னிரண்டு மணி நேரம், பல நாள் பல டைவ் என்றால் பதினெட்டு மணி நேரம் கழித்தே விமானம். மலைக்கும் இதே விதிதான், இதைப் பலர் நினைப்பதில்லை. புதுச்சேரியில் காலையில் டைவ் முடித்து மாலையில் ஏற்காடு ஏறினால், அந்தச் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் விமானக் கேபினைப் போலவே காற்றழுத்தம் குறைவு.

படகில் ஏறும் முன், டைவ் முடித்தவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் முதலுதவிக்குத் தரும் ஆக்சிஜன் கிட்டைக் கண்ணால் பாருங்கள். அதன் மாஸ்க்கில் பை இணைந்திருக்க வேண்டும், அதன் ரெகுலேட்டர் நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டர் தர வேண்டும். மருத்துவக் கடைகளில் சொல்லும் பி டைப் சிலிண்டர் முழுதாக இருந்தால் சுமார் 1,500 லிட்டர், அதாவது நூறு நிமிடம். டைவ் இடத்திலிருந்து கரைக்கும், கரையிலிருந்து ஈ.சி.ஆர். டிராஃபிக்கில் மருத்துவமனைக்கும் ஆகும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். நூறைத் தாண்டினால் இரண்டாவது சிலிண்டர் ஏற்றச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.